தணல் வாசலிலேயே இருக்கட்டும்

(நத்தாருக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம், தோட்டத்து மாதர் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



அடுத்த வாரம் நத்தார். பிறகு வருசப்பிறப்பு, அதற்குப் பின் ஜனவரி 14 அல்லது 15இல் பொங்கல். கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் லீவில் வருவார்கள். நாலு பேர் படுக்கிற காம்பிராவில் எட்டுப் பேர் படுப்போம். குளிரோ கூடிக்கொண்டே போகும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பண்டிகைக் காலத்துச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சீனி, சாராயம் பற்றிக் கடைசியில் இரண்டு வார்த்தை சொல்கிறேன். முதலில் தணலைப் பற்றிப் பேச வேண்டும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பொங்கலுக்கு முதல் நாள் ராத்திரி. அப்பா ஸ்டோரில் இரவு வேலை. அத்தை குடும்பம் வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்தது. உடைந்த ஜன்னலுக்கு அம்மா சாக்கை அடைத்தார். அடுப்புக் கரியைப் பழைய டின்னில் அள்ளி, புகை அடங்கும்வரை வாசலில் வைத்திருந்து, பிறகு உள்ளே கொண்டுவந்தார். புகை இல்லை என்றால் ஆபத்து இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பாட்டிக்குக் குளிர் தாங்காது. டின்னுக்குப் பக்கத்தில் படுத்தார்.

விடியக்காலையில் வேலை முடிந்து வந்த அப்பா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை உதைத்துத் திறந்தார். எனக்குத் தலை பிளந்தது. தம்பி வாந்தி எடுத்தான். அத்தைக்கு எழுந்து நிற்கக் கால் வரவில்லை. பாட்டி எழும்பவே இல்லை.

குளிர் கொண்டுபோய்விட்டது என்றார்கள். முனி அடித்தது என்றும் சிலர் சொன்னார்கள்; கோயிலில் நேர்த்திக்கடன்கூட வைத்தோம். பல வருடம் கழித்து, ஆசிரியர் படிப்புக்காகப் பத்தனைக்குப் போனபோது காபனோரொட்சைட்டுப் பாடம் நடந்தது. தலைவலி, வாந்தி, கால் சோர்வு, ஒரே அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில். புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். பாட்டிக்கு வயதும் இருந்தது, இழுப்பும் இருந்தது. இதனால்தான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை. அம்மா இருந்தவரை இதை அவரிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் ஆட்கள் முன்னால் சொல்கிறேன்.

கரி எரியும்போது போதிய காற்றுக் கிடைக்காவிட்டால் இந்த வாயு உண்டாகும். நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரியாது. நம் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. சின்னப் பிள்ளைக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால், அம்மாமாரே, படுக்கிற காம்பிராவுக்குள் தணல் வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன் என்பதும் போதாது. வாசலில் வைத்துக் குளிர் காயுங்கள், கதை பேசுங்கள். படுக்கும்போது அங்கேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வாருங்கள். உள்ளே சமைக்கிற அடுப்பையும் அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல் வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலை வலித்தால், முதலில் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள். பிறகு 1990க்கு எடுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. தைலம் தேய்த்துப் பார்ப்போம் என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பாதிக் குளிர் சீமெந்துத் தரையிலிருந்துதான் ஏறுகிறது. பாய்க்குக் கீழே காட்போட் பெட்டியைப் பிரித்துப் போடுங்கள், சாக்கு இருந்தால் அதற்கு மேலே. மலையிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ஈரச் சேலையை மாற்றுங்கள். அடுப்படியில் நின்றபடி உடம்பிலேயே காயவிடுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொப்பியும் காலுறையும்.

இதையெல்லாம் நாம் செய்யலாம். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவுக்குள் சமையலும் படுக்கையும் ஒன்றாக இருப்பது நம்முடைய குற்றமா? கண்ணாடி போன ஜன்னலுக்குச் சாக்கு அடைத்தது என் அம்மாவின் அறியாமையா? கூரைப் புகைபோக்கி அடைத்துக் கிடக்கிறது. ஈரத் தேயிலை மார்தான் விறகு. அந்தப் புகையை மூன்று நேரமும் குடிக்கிறவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கிற பிள்ளைகளும். ஜனவரியில் என் வகுப்பில் இருமல் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பாடம் நடத்துகிறேன். ஜன்னலும் புகைபோக்கியும் சம்பளத்தைப் போலவே சங்கத்தின் கோரிக்கை என்று போன கமிட்டியிலும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

மற்ற விசயங்கள் சுருக்கமாக. கிளினிக் மருந்து எடுக்கிறவர்கள் லீவு நாட்களுக்கும் சேர்த்து இப்போதே வாங்கி வையுங்கள். சீனி வியாதிக்காரர் பொங்கல் அன்றைக்கும் குளிசையை விடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தம்பிமாரே, சாராயம் குளிருக்கு நல்லது என்று சொல்லாதீர்கள். குடித்ததும் தோலில் இரத்தம் பாய்ந்து சூடு தெரியும். அந்தச் சூடு உடம்பைவிட்டு வெளியே போகிற சூடு. குடித்துவிட்டு இஸ்தோப்பில் விழுந்து கிடக்கிறவர்தான் அதிகம் குளிர்ந்து போகிறார்.

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு மேல்கணக்கு லயத்திலிருந்து தொடங்குகிறோம். ஒவ்வொரு காம்பிராவிலும் எத்தனை ஜன்னல் திறக்கிறது, புகைபோக்கி வேலை செய்கிறதா, எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று எழுதப்போகிறோம். என் வகுப்பில் பழைய கொப்பிகள் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேர் வேண்டும். திங்கட்கிழமை தலைவர் அந்தக் கணக்கோடு துரையிடம் கடிதம் கொடுப்பார். பேர் தருகிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்.