ஐரோப்பா போன சிஸ்ஸி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் வெளிநாட்டுக் கிளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் கிளையில் பதினொரு பேர் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் வாசிக்கிறோம். கடந்த வருடம் கானா நாட்டு எழுத்தாளர் அமா அட்டா ஐடூ 1977 இல் வெளியிட்ட 'அவர் சிஸ்ரர் கில்ஜோய்' என்ற ஆங்கில நாவலை எடுத்தோம். கில்ஜோய் என்றால், எல்லோரும் சந்தோசமாக இருக்கிற இடத்தில் வேண்டாத கேள்வி கேட்டு அதைக் கெடுப்பவள். அப்படி ஒருத்தி நம் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தாள். இப்போது சங்கக் கூட்டங்களுக்கும் தவறாமல் வருகிறாள்.

ஐடூ நமக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். 1942 இல் பிறந்து, கேப் கோஸ்ட் நகரின் வெஸ்லி பெண்கள் பாடசாலையில் படித்தவர். அது மெதடிஸ்த மிசன் பாடசாலை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதே மிசன் தொடங்கிய பெண்கள் பாடசாலைகளை நாம் அறிவோம். எழுத விரும்பிய அந்தப் பிள்ளைக்கு முதல் தட்டச்சுப் பொறி கிடைத்ததும் தலைமை ஆசிரியையால்தான். 1982 இல் கானாவின் கல்வி அமைச்சரானார். எல்லோருக்கும் இலவசக் கல்வி என்ற எண்ணம் நிறைவேறாதென்று கண்டதும் பதவி விலகினார். 2023 இல் காலமானார்.

நாவலின் சிஸ்ஸி, புலமைப்பரிசில் பெற்று ஜேர்மனிக்குப் போகும் கானா நாட்டு இளம்பெண். ஒரு புகையிரத நிலையத்தில் ஒரு தாய் தன் மகளிடம் 'கறுப்புப் பெண்' என்று யாரையோ காட்டுகிறாள். யாரை என்று சிஸ்ஸி சுற்றிப் பார்க்கிறாள். தன்னைத்தான்! ஊரில் அவள் இன்னாரின் மகள், இன்ன ஊராள். நிறம் ஒரு பெயராக இருக்கவில்லை. இந்தப் பக்கத்தை வாசித்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. எங்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு நிலையம் உண்டு.

ஆனால் இந்நாவல் அந்த நோவோடு நின்றுவிடவில்லை. பவேரியாவில் மரியா என்ற இளம் தாய் சிஸ்ஸியுடன் சிநேகமாகிறாள். கணவன் எந்நேரமும் வேலை, கையில் குழந்தை, பேச ஆளில்லை. ஒவ்வொரு நாளும் சிஸ்ஸிக்குப் பிளம்ஸ் பழம் கொடுக்கிறாள். அங்கிருந்து புறப்படப் போகும் செய்தியைச் சொல்லும்போது மரியாவின் முகம் வாடுகிறது. அதைப் பார்த்துச் சிஸ்ஸிக்கு உள்ளுக்குள் ஓர் இன்பம். ஒருவரை நோகச் செய்யும் பலம் தன்னிடமும் இருக்கிறது, அது இனிக்கவும் செய்கிறது! வெளிநாடு போன பெண்களைப் பற்றி நாங்கள் வாசித்த கதைகளில் இப்படி ஓர் உண்மையை வேறெங்கும் காணவில்லை. தாங்கள் பட்டதை எழுதுவார்கள். தாங்கள் செய்ததை எழுதுவது அருமை.

பின்பு லண்டன். படிக்க வந்து ஊர் திரும்பாத ஆபிரிக்க மாணவர்களிடம், ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்த இடத்தில் எங்களுக்குள் சண்டையே வந்தது. "அவளுக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டுக்கூரையில் செல் விழுந்துதானே நாங்கள் வந்தோம்" என்றார் ஒரு அக்கா. "செல் நின்று எத்தனை வருடம்?" என்றாள் வயதில் இளையவள். தேநீர் ஆறிப்போனது. சிஸ்ஸி அளவுக்குமீறிக் கடுமையானவள் என்பதே எங்களில் அநேகரின் எண்ணம். ஊரில் வயதான பெற்றோரையும் பாடசாலையையும் பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு வேறு எண்ணம் இருக்கலாம்.

கடைசிப் பகுதி, அவள் காதலனுக்கு எழுதும் நீண்ட கடிதம். அன்பைச் சொல்லவும் ஆண்டவர்களின் மொழியே வேண்டியிருக்கிறதே என்று அதில் மனம் வெதும்புகிறாள். அதையும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறாள். (எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் அனுப்பும் வாழ்த்து மடல்களை நினைத்துக்கொண்டோம்.) விமானத்திலிருந்து ஆபிரிக்காவைக் காணும்போது அக்கடிதத்தை அனுப்புவதில்லை என்று முடிவு செய்கிறாள்.

பாடசாலை நூலகத்துக்கு இரண்டு பிரதிகள் கொண்டுவந்திருக்கிறோம். மெல்லிய புத்தகம், சில பக்கங்களில் ஓரிரு வரிகளே இருக்கும். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வாசித்துவிட்டு, அந்த அக்காவின் பக்கமா சிஸ்ஸியின் பக்கமா என்று எங்களுக்கு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.