பெயர்ப்பலகையின் கடைசி வரி



பதுளைப் பக்கம் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். மூன்று நாலு வருடத்துக்கு முன் அங்கே மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பகல் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு வரிசை நின்ற நேரம். பந்தல் காலில் உபயகாரர் பலகை ஒன்று கட்டியிருந்தது. அதை ஒரு அக்கா விரலை வைத்து வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தார். முதல் வரியில் தோட்டக் கொம்பனி, ஒரு லட்சம் ரூபா, சிவப்பு எழுத்தில். அடுத்தது டவுன் கடைக்காரர்கள். பிறகு ஒரு லொறி முதலாளி, ஒரு சங்கத் தலைவர். எல்லாப் பெயருக்கும் நேரே தொகை இருந்தது. கடைசி வரியில் 'தோட்ட மக்கள்' என்று மட்டும் இருந்தது. தொகை இல்லை.

"எங்க பேருக்கு நேரா ஒண்ணும் போடலியே தம்பி" என்றார் அக்கா.

அந்த மாதம் கோயில் சந்தா என்று சம்பளச் செக்ரோலில் ஆளுக்கு 500 ரூபா பிடித்திருந்தார்கள். அப்போது நாட்சம்பளம் 1000 ரூபா, ஆகவே அரை நாள் கொழுந்து போயிற்று. காலைப் பெரட்டுக்கு வேலைக்கு வருகிற ஆட்கள் 340 பேர். அக்கா பென்சில் எடுக்கவில்லை, பேப்பர் தேடவில்லை. கூடைக் கயிறு தழும்பேறிய நெற்றியை ஒருதரம் தடவிவிட்டு, "ஒரு லட்சத்து எழுபதாயிரம்" என்றார். பலகையில் இருந்த மற்ற எவரையும்விடப் பெரிய உபயம் அதுதான். அன்றைக்கு முதல் மாலையும் பரிவட்டமும் தோட்டத்துத் துரைக்குப் போயின.

சாமிக்கு ஒருவர் காசு கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் பாவம் என்று வளர்த்திருக்கிறார்கள். அக்காவுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை. அவர் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்குக் கொஞ்சம் ஊர் சுற்றப் போகிறேன்.

பதுளை டவுனில் சென் மார்க்ஸ் தேவாலயம் இருக்கிறது. 1857இல் திறந்த கட்டடம். உள்ளே ஒரு கல்வெட்டு. இலங்கைத் துப்பாக்கிப் படையின் மேஜராகவும் பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்த தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் நினைவாக இந்த ஆலயம் எழுந்தது என்கிறது அந்தக் கல். படையும் நிர்வாகமும் நீதிமன்றமும் ஒரே மனிதர் கையில். அவர் காலத்தில் பதுளையில் ஒருவருக்கு அநியாயம் நடந்தால் யாரிடம் போய் முறையிட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ரொஜர்ஸ் பெயர் இன்றைக்கும் நிற்பது யானைகளால். 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அந்தக் காலத்து நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். தந்தம் விற்ற காசில்தான் படையில் பதவி வாங்கினார் என்று ஒரு பேச்சும் உண்டு. நம் நாட்டு யானைகளில் தந்தம் உள்ளவை மிகக் குறைவு, ஆகவே அந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. காசுக்காகச் சுட்டிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

1845 ஜூன் 7ஆந் திகதி ஹப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்தார். மழை விட்டதா என்று பார்க்க வெளியே வந்தவர் மேல் இடி விழுந்தது. நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைக் கல்லிலும் இடி விழுந்து வெடித்தது என்று சனம் இன்றைக்கும் சொல்லும். யானைப் பாவம் சும்மா விடுமா என்பது ஊர்க் கதை. நண்பர்கள் அதே இடியைப் பார்த்துவிட்டுக் காசு சேர்த்துக் கோயில் கட்டினார்கள். வானத்திலிருந்து விழுந்தது ஒன்றுதான், அதற்கு அர்த்தம் சொன்னவர்கள் இரண்டு பேர். கல்லில் வெட்டுவதற்குக் காசு இருந்தவர்களின் அர்த்தம் கல்லில் ஏறியது.

எல்லாத் தரப்பு நண்பர்களும் அயலவர்களும் சேர்ந்து கட்டியதாக அந்தக் கல் சொல்கிறது. எல்லாத் தரப்பு! எனக்கு உடனே பந்தல் காலில் தொங்கிய கடைசி வரி ஞாபகம் வந்தது.

பதுளை இருக்கிற ஊவா, ரொஜர்சுக்கு முன் எப்படி இருந்தது? 1815இல் கண்டி ஒப்பந்தத்தில் புத்த சமயத்தைக் காப்போம் என்று வெள்ளைக்காரர் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு வருடத்தில் ஊவாவும் வெல்லஸ்ஸவும் எழுந்தன. அடக்கிவிட்டு வா என்று அனுப்பப்பட்ட கெப்பட்டிப்பொல திசாவை, கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். 1818 நவம்பரில் கண்டியில் அவர் தலையை வெட்டினார்கள். அதற்குள் ஊவாவின் ஊர்களை எரித்து, நெல்லைக் கொளுத்தி, மாடுகளைக் கொன்று, பலா மரங்களைத் தறித்துப் போட்டிருந்தார்கள். பிறகு 1840இல் ஒரு சட்டம் வந்தது. உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது. எரிந்துபோன ஊரில் எவன் உறுதிப் பத்திரம் வைத்திருப்பான்? ஏக்கர் 5 சிலிங் விலைக்கும் கோப்பிக்குக் காணி போயிற்று. வாங்கியவர்களில் ஆளுநர் இருந்தார், படை அதிகாரிகள் இருந்தார்கள், நீதிபதிகள் இருந்தார்கள், பாதிரிமாரும் இருந்தார்கள். அந்தக் காணியில் குழி வெட்டக் கடல் தாண்டியும் நடந்தும் வந்தவர்கள் நம் பாட்டன் பூட்டன். யுத்தம், காணி, கோயில் என்று நாற்பது வருடத்துக்குள் எல்லாம் நடந்து முடிந்தது.

இது வெள்ளைக்காரரைத் திட்டுகிற பேச்சு இல்லை. வேறு இடத்திலும் இதே கதைதான், அமெரிக்காவைப் பாருங்கள். அவர்கள் அரசியலமைப்பு அரசுக்கென்று ஒரு மதம் வேண்டாம் என்றது. ஆனால் இன்றைக்கு டொலர் நோட்டு கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், கடவுளை நம்புகிறோம் என்று அச்சடித்திருக்கும். அது முதன்முதலில் ஏறியது 1864இல், ஒரு இரண்டு சத நாணயத்தில். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். சண்டை தொடங்கிய வருடம் பென்சில்வேனியாவில் ஒரு போதகர் திறைசேரி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், நம் காசில் கடவுள் பெயர் இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்ற கவலையில். யுத்தமும் காசும் கடவுளும் சேர்ந்து ஒரு நாணயத்துக்குள் அடங்கிவிட்டன.

அதே யுத்தம் முடிகிற நேரம், 1865 மார்ச்சில், ஜனாதிபதி லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்றுப் பேசினார். இரண்டு பக்கமும் ஒரே வேதத்தை வாசிக்கிறது, ஒரே கடவுளிடம் மற்றவன் தோற்க வேண்டும் என்று மன்றாடுகிறது என்றார். அடுத்தவன் முகத்து வியர்வையில் தன் சோற்றைத் தேடிக்கொள்ளக் கடவுளைத் துணைக்குக் கூப்பிடுவது விசித்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார். வெல்லப்போகிற பக்கத்துத் தலைவர் பதவியேற்பு மேடையில் நின்று இப்படிப் பேசுவது லேசில்லை. நம் நாட்டு யுத்தம் முடிந்த 2009இல் நம்மவர்கள் யாராவது இப்படிப் பேசியிருந்தால் என்று நினைத்துப் பார்த்து விட்டுவிடுகிறேன்.

வியர்வை என்றதும் தம்பேதென்னைத் தோட்டம் ஞாபகம் வருகிறது. தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் அந்தத் தோட்டத்தை வாங்கினார். அங்கே மலைமேல் இருக்கிற லிப்டன் சீட்டுக்கு ஏறிப் படம் பிடிக்காதவர் இல்லை. அவர் நல்ல மனிதர், ஏழை வீட்டில் பிறந்தவர், தர்மசாலி. 1897இல் விக்டோரியா மகாராணியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கு லண்டன் ஏழைகளுக்கு விருந்து போட 25,000 பவுன் கொடுத்தார். அடுத்த வருடம் சேர் பட்டம் வந்தது. அந்தப் பவுன் முழுக்கத் தேயிலைக் காசு என்று சொல்ல மாட்டேன், ஹாமும் வெண்ணெயும் விற்றவரும்தான். ஆனாலும் லண்டன் ஏழை அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டதில் தம்பேதென்னை லயத்துக்காரருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை எந்தப் பலகையில் எழுதினார்கள்?

காசு கொடுத்தவன் வாயை அடைத்துவிடுவான் என்று எப்போதும் சொல்ல முடியாது. நியூயோர்க்கில் ரிவர்சைட் தேவாலயம் என்று ஒன்று. ரொக்கபெல்லர் குடும்பத்து எண்ணெய்ப் பணத்தில் கட்டி 1930இல் திறந்தது. அந்த ஆலயத்து மேடையில்தான் 1967 ஏப்ரல் 4ஆந் திகதி மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் யுத்தத்துக்கு எதிராகப் பேசினார். ஏழைகளுக்கு என்று ஒதுக்கிய காசை யுத்தம் உறிஞ்சிவிடுகிறது என்றார். சொந்த ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாத கறுப்புப் பொடியனும் வெள்ளைப் பொடியனும் வியட்நாமில் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாகிறார்கள் என்றார். பெரிய பத்திரிகைகள் அவரைக் கண்டித்தன. உங்களுக்குத் தெரிந்த வேலையைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். சரியாக ஒரு வருடம் கழித்து, 1968 ஏப்ரல் 4இல், மெம்பிஸ் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அங்கே ஏன் போயிருந்தார்? குப்பை அள்ளும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க. யுத்தத்தைப் பற்றிப் பேசிய மனிதர் சம்பளப் போராட்டத்தில் வந்து முடிந்தார். அவருக்கு இரண்டும் ஒரே பேச்சு.

நமக்கு ஏன் அது ஒரே பேச்சாகத் தெரியவில்லை? மொனராகலை, பதுளைக் கிராமங்களில் வேலை கிடைக்காத சிங்களப் பொடியன்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். கையில் பிரித் நூல் கட்டி அனுப்பினார்கள். மறுபக்கத்தில் வடக்கில் புலிகள் வீட்டுக்கு இரண்டு பவுன் தங்கம் யுத்தத்துக்கு வாங்கினார்கள், வெளிநாட்டுக் கோயில்களில் உண்டியலும் குலுங்கியது. எந்தக் கோயிலும் எந்த விகாரையும் கிங் நின்ற மாதிரி நின்றதாக என் நினைவில் இல்லை. ஓரிரு துறவிகள், ஓரிரு பாதிரிமார் பேசினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது துரோகிப் பட்டம்.

மலைநாட்டில் யுத்தம் நடக்கவில்லை என்பார்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25. அங்கே புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்த தமிழ் இளைஞர்களில் 25க்கும் மேற்பட்டவர்களை ஒரு கும்பல் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொன்றது. பொலிஸ் காவல் இருக்கும்போதே. வழக்கு நடந்தது, சிலருக்கு மரண தண்டனையும் விதித்தார்கள், 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறபோது பக்கத்துச் சீட்டில் யார் இருந்தாலும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். அது பயத்திலா மரியாதையிலா என்று எனக்கே பிடிபட்டதில்லை.

சரி, அக்காவிடம் வருகிறேன். அவர் அன்றைக்குச் சாப்பிடாமல் நேரே கோயில் கமிட்டித் தலைவரிடம் போனார். "சாமி காரியத்துல கணக்குப் பாக்கக் கூடாதம்மா" என்றார் தலைவர். "சாமிக்கு நான் கணக்கு கேக்கல. பலகைக்குத்தான் கேக்குறேன்" என்றார் அக்கா. பின்னால் நின்ற இரண்டு மூன்று பெண்கள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்கு முகம் சிவந்தது. கொம்பனிக்காரர் மனம் நோகும், அடுத்த வருடம் காசு வராது என்று என்னென்னவோ சொன்னார். விஷயம் அதோடு முடியவில்லை, கமிட்டிக் கூட்டம் வரைக்கும் போயிற்று.

அடுத்த திருவிழாவுக்கு என்னால் போக முடியவில்லை. யாரோ போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். புதுப் பலகை, புது வர்ணம். கொம்பனி அதே முதல் வரியில், அதே ஒரு லட்சம். கடைசி வரியில் 'தோட்ட மக்கள்', அதற்கு நேரே 1,70,000. எழுத்து மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் சின்னது. பெயின்ற் அடித்தவர் இடம் போதாமல் கடைசி சைபரைப் பலகையின் விளிம்பில் பாதி ஏற்றியிருந்தார்.