அப்பாவின் இசைத்தட்டும் இரண்டு கிராம் ஊசியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க, ஆனா யாரும் தூங்கக்கூடாது" என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. என் வேலையைப் பற்றிப் பேசினால் நானே தூங்கிவிடுவேன். ஆகவே என் வீட்டு டர்ன்டேபிளுக்குக் கார்ட்ரிட்ஜ் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்கிறேன். மாணவர்களுக்காக ஒரு வார்த்தை: இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றுகிற சின்னஞ்சிறு பொருள்தான் கார்ட்ரிட்ஜ்.

எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய 78 தட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அப்பா வாங்கிய எல்.பி., ஈ.பி.க்கள் தனி. பிளேயர் மட்டும் எப்போதோ போய்விட்டது. வேலைக்குப் போனதும் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு பிளேயர் வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். சுத்துது, பாடுது, வேற என்ன வேணும்? அப்பா தினமும் ராத்திரி ஒரே ஒரு ஈ.பி.யைத்தான் போடுவார். இரண்டு மாதத்தில் அந்தத் தட்டு கரகரக்க ஆரம்பித்தது. பள்ளங்கள் பளபளப்புப் போய் சாம்பல் பூத்திருந்தன. நான் ஊருக்குப் போனபோது அப்பா திட்டவில்லை. "அத விடுப்பா, வேற போடலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அந்த ஊசியை இதே கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நுனி உடைந்து உளி மாதிரி இருந்தது. ஊசி தட்டை அழுத்தும் எடையோ ஆறு கிராம். அதாவது, அப்பாவின் பாட்டைத் தினமும் நான் வாங்கிக் கொடுத்த உளி செதுக்கிக்கொண்டிருந்தது.

குற்ற உணர்ச்சி வந்தால் மனுஷன் செலவு செய்வான். நானும் செய்தேன். மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கினேன். அது தருவது 0.3 மில்லிவோல்ட். அதைத் தூக்கிவிட ஒரு பெட்டி, அந்தப் பெட்டியின் ஹம் சத்தத்தை விரட்ட இன்னொரு ஏற்பாடு! ஊசி தேய்ந்தால் நாமே மாற்றவும் முடியாது. அப்பா அதன் பக்கமே வரவில்லை, பயம். பெற்றோர் எங்களோடு சென்னைக்கு வந்தபோது, வீட்டில் பாட்டுச் சாமானுக்கு ஒரே ஒரு ஷெல்ஃப் என்று மனைவி தீர்ப்பு வழங்கினாள். எல்லாவற்றையும் விற்றேன். மிஞ்சியது ஒரு டர்ன்டேபிள், ஃபோனோ இணைப்புள்ள சாதாரண ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்.

இந்த முறை கேட்டலாக்கை மூடிவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பாதிக்கு மேல் மோனோ தட்டுகள். கால்வாசி 78. நம் நாட்டில் 1960களிலும் 78 தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. அதன் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான். சின்ன ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கிற குப்பையைத்தான் வாசிக்கும்.

ஆக, எனக்கு வேண்டியது ஒரே உடம்பு, இரண்டு ஊசி. ஆடியோ டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் அது கிடைத்தது. மூவிங் மாக்னெட் வகை. எல்.பி.க்கு நீள்வட்ட ஊசி, இரண்டு கிராம், 4 மில்லிவோல்ட். ஆம்ப்ளிஃபயருக்கு நேராகக் கொடுக்கலாம். 78-க்குத் தனி ஊசி, ஐந்து கிராம். "ஆறு கிராம் கெடுத்தது, ஐந்து கிராம் கெடுக்காதா?" என்று அப்பாவே கேட்டார். நியாயமான கேள்வி. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது, ஒன்பதாம் வகுப்புப் பாடம். அந்த நுனி பெரியது, தட்டும் வைனில் அல்ல, கடினமான ஷெல்லாக்.

இங்கே நம் துறை மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 47 கிலோ ஓம் சுமையும் 100 முதல் 200 பிகோஃபாரட் வரை கெபாசிட்டன்ஸும் வேண்டும். கெபாசிட்டன்ஸ் எங்கே இருக்கிறது? கேபிளில்தான்! காயிலை அரை ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 200 பிகோஃபாரடில் ரெசனன்ஸ் சுமார் 16 கிலோஹெர்ட்ஸ். நீளமான மலிவு கேபிளால் அது 450 ஆனால் 10.6-க்கு இறங்கி, வயலின் காதைக் குத்தும். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து ரீடிங் எழுதிய அதே சோதனை. (ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். மன்னிக்கணும் சார்.) நான் கேபிளை அரை மீட்டருக்கு வெட்டினேன். செலவு பூஜ்யம்.

மோனோ தட்டுகளுக்கு ஆம்ப்ளிஃபயரின் மோனோ பட்டனை அழுத்தினால் போதும். மோனோவில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேல் கீழ் அசைவு வெறும் இரைச்சல். இரண்டு சானலையும் சேர்த்தால் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

ஊசி மாற்றும்போது எடையையும் மாற்ற வேண்டும். மறந்தால் பழைய கதைதான். அம்மா தன் கையெழுத்தில் மூடியின்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "பெரிய தட்டு 2, தாத்தா தட்டு 5."

முதல் நாள் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி வைத்தோம். ஒரு பக்கம் மூன்று நிமிஷம். அப்பாவே எழுந்து எழுந்து திருப்பிப் போட்டார், யாரையும் தொட விடவில்லை. அந்த ஈ.பி.யையும் புது ஊசியில் போட்டுப் பார்த்தேன். பட்டனை அழுத்தியும் கரகரப்புப் போகவில்லை. செதுக்கியது செதுக்கியதுதான். அப்பா அதையும் கடைசி வரை கேட்டுவிட்டு உறையில் வைத்தார்.

பழைய ஊசியையும் அந்தத் தட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு இயற்பியல் ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பின் கீழே வைக்கிறோம், பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.