கூட்டம் யார் வீட்டு வாசலில் நின்றது?

(இளைஞரணி பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, சமூக ஊடகத்தில் நம் பொறுப்பு. வழக்கமா இந்தத் தலைப்புல பேசுறவங்க, எதிர்த்தரப்பு பரப்புற பொய்ச் செய்தியை எப்படி முறியடிக்கிறதுன்னு பேசுவாங்க. நான் இன்னைக்கு அதைத் தொடப் போறதில்லை. அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஊர்ல 2011ஆம் வருஷம் நவம்பர் 9ஆம் தேதி ராத்திரி நடந்ததைப் பத்திப் பேசப் போறேன். ஏன்னு போகப் போகத் தெரியும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டேட் காலேஜ் என்றே பெயர் கொண்ட ஊர். அங்கே பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்க ஃபுட்பால்னா நம்ம ஊர் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற ஆட்டம். அந்த மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். நம்ம சேப்பாக்கத்தைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல, ஒரு கல்லூரி அணிக்கு! அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ. 1966லிருந்து 46 சீசன் அவர்தான். 409 வெற்றி. மைதான வாசலில் அப்போ அவருக்கு வெண்கலச் சிலை இருந்தது. நூலகத்துக்கு அவர் குடும்பத்தின் பெயர், ஏன்னா அதுக்குப் பணம் கொடுத்தவரும் அவர்தான். ஆட்டத்துல ஜெயிச்சா மட்டும் போதாது, பையன்கள் படிச்சுப் பட்டமும் வாங்கணும்னு நின்ன மனுஷன். ஊரே அவரை வீட்டுப் பெரியவரைக் கூப்பிடுற மாதிரி 'ஜோபா' என்று கூப்பிட்டது. இதையெல்லாம் கிண்டலுக்குச் சொல்லலை. அந்தப் பாசம் உண்மையானது, அதுக்குக் காரணமும் இருந்தது.

அவருக்குக் கீழே 30 வருஷம் துணைப் பயிற்சியாளராக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. 1977இல் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். அப்பா இல்லாத பிள்ளைகள், வீட்டில் கஷ்டம் உள்ள பிள்ளைகள். அவங்களை ஆட்டம் பார்க்கக் கூட்டிட்டுப் போவார், பரிசு கொடுப்பார். அந்தப் பிள்ளைகளில் இருந்துதான் ஆள் பிடித்தார் என்று பின்னால் நீதிமன்றத்தில் தெரிந்தது. 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு. குறைந்தது 30, அதிகபட்சம் 60 ஆண்டு சிறை.

ஆனா இது தெரிய வந்த வருஷத்தைப் பாருங்க. 1998லேயே ஒரு தாய், தன் மகன் தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்து, விசாரித்து, போலீசில் புகார் கொடுத்தாங்க. விசாரணை நடந்தது, வழக்குப் போடாமலேயே முடிந்தது. 2001 பிப்ரவரியில், அணியில் வேலை பார்த்த ஒரு இளைஞர், அணியின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்த்தார். மறுநாள் காலை பட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பட்டர்னோ தன் மேலதிகாரிக்குச் சொன்னார். அதுவும் உடனே சொல்லலை. அன்னைக்குச் சனிக்கிழமை, அவங்க விடுமுறையைக் கெடுக்க வேண்டாம்னு நினைத்தேன் என்று பத்து வருஷம் கழித்து அவரே சாட்சியம் சொன்னார். மேலதிகாரி தனக்கு மேலே உள்ளவருக்குச் சொன்னார். கடைசியில் பல்கலைக்கழகத் தலைவர் வரை போனது. என்ன முடிவெடுத்தாங்க? இனிமேல் சிறுவர்களை இங்கே கூட்டி வராதே என்று சாண்டஸ்கியிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். போலீசுக்கு ஒரு போன் இல்லை.

அந்தப் பையன் யாரு, எந்த வீட்டுப் பிள்ளை, இப்போ எப்படி இருக்கான்னு அவங்கள்ல ஒருத்தர்கூடத் தேடிப் பார்க்கலை.

2011 நவம்பர் 5 அன்று சாண்டஸ்கி கைது. நான்கு நாளில் ஊர் கொந்தளித்தது. 9ஆம் தேதி காலை பட்டர்னோ, சீசன் முடிஞ்சதும் ஓய்வு பெறுகிறேன் என்றார். இன்னும் கூடுதலாகச் செய்திருக்கலாம் என்று வருத்தமும் தெரிவித்தார். பல்கலைக்கழக நிர்வாகக் குழு அதை ஏற்கவில்லை. அன்று இரவே போனில் கூப்பிட்டுப் பதவி நீக்கம் செய்தது. பல்கலைக்கழகத் தலைவரின் பதவியும் போனது. 84 வயசு மனுஷனைப் போன்ல கூப்பிட்டு அனுப்பியது சரியில்லைன்னு இன்னைக்கும் சொல்றவங்க உண்டு. எனக்கும் அது சரியான முறையா படலை. நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். பட்டர்னோ மேல் குற்ற வழக்கும் எதுவும் போடப்படவில்லை, அதையும் சொல்லிடுறேன். இரண்டரை மாதத்தில் புற்றுநோயில் இறந்தும் போனார்.

அந்த ராத்திரிக்கு வருவோம். செய்தி வந்ததும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பட்டர்னோ வீட்டு முன்னால் கூட்டம். அவர் பேரைச் சொல்லிக் கோஷம். தொலைக்காட்சிச் செய்தி வேன் ஒன்றைக் கவிழ்த்தார்கள். போலீஸ் மிளகுத் தூள் கரைசல் அடித்துக் கூட்டத்தைக் கலைத்தது.

அவங்க கெட்ட பிள்ளைங்களா? இல்லை தோழர்களே. 19, 20 வயசுப் பிள்ளைங்க. குழந்தைகளைக் கெடுத்தவனுக்கு ஆதரவாக அவர்களில் ஒருவரும் வரவில்லை. அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு இருந்தது, அந்த முகத்துக்கு அநியாயம் நடந்ததா நினைச்சாங்க. பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கு அன்றைக்கு முகமும் கிடையாது, பேரும் கிடையாது. குற்றப்பத்திரிகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்தான். எண்ணுக்காக யார் கோஷம் போடுவாங்க?

ஆனா அந்த எண்களில் முதலாவது, பக்கத்து ஊர்ப் பள்ளியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த பையன். வழக்கு திறந்ததே அவன் வாய் திறந்ததால்தான். பட்டர்னோ வேலை போனது இவனால்தான் என்று சக மாணவர்கள் பேச ஆரம்பித்தார்கள். தொல்லை தாங்காமல் பள்ளியை விட்டே போனான். தெருவில் கத்திய கூட்டத்தில் அவனுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருந்தாங்களோ இல்லையோ, அந்தச் சத்தம் அவன் வகுப்பறை வரைக்கும் போச்சு.

இப்போ நம்ம வீட்டுக் கதைக்கு வரேன். கொஞ்ச காலத்துக்கு முன்னால், ஒரு ஊரில் ஒரு விளையாட்டுப் பயிற்சியாளர் மேல் புகார் வந்தது. ஊரும் வேண்டாம், பேரும் வேண்டாம். வழக்கு நடக்குது, தீர்ப்பை நான் சொல்ல முடியாது. அவர் நம் கட்சி மேடைகளில் பொன்னாடை வாங்கியவர். பல ஏழைப் பிள்ளைகளை மாநிலப் போட்டி வரை கொண்டுபோனவர். செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் நம்ம தோழர்கள் பதிவு போட ஆரம்பிச்சாங்க. அவரை எனக்கு இருபது வருஷமா தெரியும், இது அரசியல் பழிவாங்கல், யாரோ தூண்டிவிட்டுச் செய்யுது அந்தப் பொண்ணு, இப்படி. அதில் ஒரு பதிவுக்கு நானும் விருப்பக்குறி போட்டேன். ஆமா, நான்தான். கட்சிக்காரர் போட்டது, நம்ம ஆளுக்கு ஆதரவானது, யோசிக்காம விரல் அழுத்திடுச்சு.

இரண்டு நாள் கழித்து நம் மகளிரணித் தோழர் ஒருவர் போனில் கூப்பிட்டாங்க. "அண்ணே, அந்தப் பொண்ணோட அம்மா போனை வாங்கிக் கீழ யார் யார் லைக் போட்டிருக்காங்கன்னு பார்த்துட்டு இருக்காங்க. உங்க பேரும் இருக்கு"ன்னாங்க. நான் உடனே எடுத்துட்டேன். எடுத்து என்ன? அந்தத் தாய் பார்த்துட்டாங்களே.

அன்னைக்கு ராத்திரி நான் எந்த வீட்டு வாசலில் நின்னேன்னு எனக்குத் தெரிஞ்சது.

அதனால் இந்த முகாமில் சில விஷயங்களை வேண்டுகோளாக இல்லை, கட்டுப்பாடாகவே சொல்ல வந்திருக்கிறேன். நம்ம நாட்டுச் சட்டம் இதில் தெளிவானது. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு இப்படி நடந்திருக்கு என்று தெரிந்த எவரும் போலீசுக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மேலதிகாரிக்குச் சொல்லிட்டேன், ஒன்றியச் செயலாளருக்குச் சொல்லிட்டேன் என்பதெல்லாம் செல்லாது. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவர் பற்றிச் சொல்லாமல் மறைத்தால் ஒரு வருஷம் வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுப்பவர் மேல் வழக்குப் போட முடியாது, அதையும் அந்தச் சட்டமே சொல்லுது. பென்சில்வேனியாவில் அப்போ இருந்த சட்டத்தில் மேலே சொன்னாலே போதும் என்றிருந்தது. இந்த வழக்குக்குப் பிறகுதான் அங்கே ஆசிரியர், பயிற்சியாளர் போன்றவர்கள் நேரடியாகவே தகவல் சொல்லணும்னு சட்டத்தை மாத்தினாங்க. நம்மகிட்ட அது முதல்லயே இருக்கு.

இன்னொன்று, 23ஆம் பிரிவு. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், வீட்டு முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் எந்த வகை ஊடகத்திலும் வெளியிடக் கூடாது. குறைந்தது ஆறு மாதம் சிறை. "எந்தத் தெருப் பொண்ணுன்னு எனக்குத் தெரியும்"னு கமெண்ட் போடுறதும் அந்த வேலைதான். ஆதரவா போடுறேன்னு சொல்லிப் படத்தைப் போட்டாலும் தப்புதான்.

நம்ம ஆள் மேல புகார் வந்தா, அவர் மாவட்டப் பொறுப்பிலேயே இருந்தாலும், நம் பக்கத்தில் இருந்து சான்றிதழ் பதிவு ஒன்றும் வரக் கூடாது. அவருக்கு வழக்கறிஞர் இருக்கார், நீதிமன்றம் இருக்கு, தன் தரப்பைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கு. அதை யாரும் பறிக்கலை. நீங்க தீர்ப்பும் எழுத வேண்டாம், தூக்குல போடுன்னும் கத்த வேண்டாம். எதிர்க்கட்சி ஆள் மேல புகார் வந்தாலும் இதே அளவுகோல்தான். அங்கே மட்டும் நீதி கேட்டு இங்கே வாய் மூடினா, நமக்கு அந்தப் பிள்ளை மேல அக்கறை இல்லை, ஆள் யாருன்னுதான் பார்க்கிறோம்னு ஆயிடும்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்த ஊர் அதோட நிக்கலை. கலவரம் நடந்து இரண்டே நாளில், அதே பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் முன்னால் புல்வெளியில், ஆயிரக்கணக்கான மாணவர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காகக் கூடினார்கள். மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணி வீரர்களும் மைதான நடுவில் ஒன்றாக மண்டியிட்டார்கள். தெருவில் கத்தினவங்கள்ல சிலராவது அந்த மெழுகுவர்த்திக் கூட்டத்துக்கும் வந்திருப்பாங்கன்னு நான் நம்புறேன்.

நான் அந்தத் தாயை இன்னும் பார்க்கலை. போய்ப் பார்க்கலாமான்னு நம்ம மகளிரணித் தோழர்கிட்ட கேட்டேன். "இப்போ வேண்டாம் அண்ணே, வழக்கு முடியட்டும், கட்சிக் கொடி கட்டின வண்டி அந்தத் தெருவுக்குள்ள வர வேண்டாம்"னு சொன்னாங்க. சரின்னுட்டேன்.

இந்தப் பதிவின் கீழே அந்த வழக்கைப் பற்றியோ அந்தப் பயிற்சியாளரைப் பற்றியோ கருத்து எழுத வேண்டாம், எழுதினால் நீக்கப்படும். உங்களுக்குத் தெரிந்த குழந்தை யாருக்காவது ஆபத்து என்றால், குழந்தைகள் உதவி எண் 1098. கட்டணமில்லை, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க.