கணிதமும் கானமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நமது மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகத் திருவிழாவிலே, ஐந்து தேர்களும் வீதிவலம் வரும் வேளையில், தவில் வித்துவான் தீர்மானம் வைத்து முடித்ததும் "நல்ல கணக்கு!" என்று பெரியோர் தலையசைப்பதைக் கண்டிருக்கிறோம். இசைக்குள்ளே கணக்கு உண்டென்பதை நம்மவர் அறியாதவரல்லர். ஆயினும் உயர்தரப் பரீட்சை நெருங்கினால் வீட்டில் முதலில் மூடப்படுவது சுருதிப்பெட்டிதான். எமது வீட்டிலும் அவ்வாறே நடந்தது. ஆகவேதான் இசையைக் கைவிடாத ஒரு கணித மேதையை இன்று நினைவுகூர விரும்புகிறோம்.

காஞ்சிபுரத்திலே 1932 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் திகதி பிறந்தவர் சி. எஸ். சேஷாத்திரி. சென்னை லொயோலாக் கல்லூரியிலே அவருக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு தேசத்துக் குருவான ரசீன் அடிகளார். மிஷன் பாடசாலையிலே கணிதத்தை விரும்பக் கற்ற எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும்.

1953 இல் பம்பாயிலுள்ள டாட்டா ஆராய்ச்சி நிலையத்திற் சேர்ந்தார். லொயோலாவிலேயே பயின்ற எம். எஸ். நரசிம்மனுடன் அவர் 1965 இல் வெளியிட்ட தேற்றம் உலகப் புகழ்பெற்றது. கணிதத்தின் வெவ்வேறு துறைகளில் ஆராயப்பட்ட இருவகைப் பொருள்கள் ஒன்றுக்கொன்று நேராக அமைந்தவை என்று அது காட்டிற்று. ஒரு துறையில் அவிழாத முடிச்சை மற்றதன் வழியே அவிழ்க்கலாம் என்றாயிற்று. 1989 இல் சென்னையிலே அவர் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்றைய சென்னைக் கணிதக் கழகம். ஆய்வாளர்களே இளநிலை மாணவர்க்கும் பாடம் சொல்லும் இடம் அது. 2009 இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தது.

இத்தனைக்கும் நடுவே கருநாடக இசை அவரோடிருந்தது. கேட்டு இரசித்தவர் மட்டுமல்லர். தேர்ந்து பாடவும் வல்லவர். 2020 ஜூலை 17 இல், 88 ஆம் வயதிலே, மறைந்தார்.

பாட்டுப் படித்தாற் கணக்கு வரும் என்று சொல்ல நாம் துணியோம். ஒன்றிலே சிகரம் தொட மற்றதைப் பலியிட வேண்டியதில்லை என்பதே நாம் அவரிடம் கற்றது.

பெரியோர்களே, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு மாலையில் அரைமணி நேரம் பாட விடுங்கள். சகோதரர்களே, அந்த அரைமணியைச் சாட்டாக வைத்துப் புத்தகத்தைத் தட்டிக்கழியாதீர்கள். மூடிய சுருதிப்பெட்டியை நாமும் இவ்வாரமே திறக்கவிருக்கிறோம்.