பிரார்த்தனையா? சந்தாவா?



பெண்களும் கலையும் என்பது பற்றி நாம் சில வார்த்தைகள் சொல்ல வேண்டுமென்று இக்கூட்டத்தார் கேட்டுக் கொண்டிருக்கின்றார்கள். வயிற்றுப்பாடு பெரும்பாடாக இருக்கும்போது சித்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நாமும் சித்திரத்தின் அழகை வர்ணிக்க இங்கு வரவில்லை. பெண்களுக்கு இயற்கையிலேயே புத்தி மட்டு என்று வாதம் செய்கின்றவர்கள், எல்லா வாதத்திலும் தோற்ற பிறகு கடைசியாக எடுத்து வீசும் ஆயுதம் இதுதான். "உலகத்தில் பெண்ணாய்ப் பிறந்தவர்களில் ஒரு பெரிய சித்திரக்காரி உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்ற தைரியத்தில் மீசையை முறுக்குகின்றார்கள். அந்த ஆயுதம் எவ்வளவு துருப்பிடித்தது என்பதைக் காட்டவே நாம் முன்வந்தோம்.

தெய்வம் பெண், மனுஷிக்கு இடமில்லை

நமது ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்று சொல்லுகின்றார்களே மியூசியம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரேக்கர்கள் கலைக்கும் கல்விக்கும் ஒன்பது பெண் தெய்வங்களைக் கற்பித்து, அவர்களுக்கு மியூசுகள் என்று பெயரிட்டார்கள். அந்தத் தெய்வங்களின் இடம் என்பதே மியூசியம். இங்கே சரஸ்வதியை உட்கார வைத்துவிட்டுப் பெண்ணைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் இருந்தது போலவே, அங்கேயும் ஒன்பது தேவிகளை உட்கார வைத்துவிட்டு உயிருள்ள பெண்ணை வாசலில் நிறுத்தினார்கள். எந்த ஊர்ச் சாமியானாலும் பெண்ணுக்குச் செய்த உபகாரம் ஒன்றுதான் போலும்!

1768-ம் வருஷத்தில் லண்டனில் ராயல் அகாடமி என்னும் கலைச் சங்கம் ஏற்பட்டது. அதை ஸ்தாபித்தவர்களில் ஆஞ்சலிகா காப்மன், மேரி மோசர் என்ற இரண்டு பெண்களும் இருந்தார்கள். சில வருஷங்களுக்குள் சோபனி என்பவர் அச்சங்கத்து அங்கத்தினர்களை ஒன்றாக வைத்து ஒரு சித்திரம் வரைந்தார். ஆண்கள் எல்லோரும் நிர்வாணமான ஆண் மாதிரியைச் சுற்றி நிற்கின்றார்கள். இரண்டு பெண்கள் எங்கே? சுவரில் மாட்டிய இரண்டு படங்களாகத் தொங்குகின்றார்கள்! பெண்கள் அந்த அறையில் நிற்பது மானக்கேடாம். மனித தேகத்தைப் பார்த்து வரையப் பழகாதவர்கள் பெரிய சித்திரம் எழுதுவது எப்படி? அவர்களுக்குப் பின் அச்சங்கத்தில் முழு அங்கத்தினராக ஒரு பெண், லாரா நைட் என்பவர், தெரிந்தெடுக்கப்பட்டது 1936-ல். பாரிசிலுள்ள பேர்போன அரசாங்கக் கலைப் பள்ளிக்கூடமோ 1897-ம் வருஷத்தில்தான் பெண்களைச் சேர்த்துக் கொண்டது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக் கொண்டு, "ஏன் நீ உள்ளே வரவில்லை?" என்று கேட்பது எந்த நியாயம் என்று கேட்கின்றோம்.

இனி, கதவைத் தாண்டி வந்தவளின் கதியைப் பாருங்கள். ஹாலந்து தேசத்தில் சுமார் 400 வருஷங்களுக்கு முன் ஜூடித் லைஸ்டர் என்ற ஒரு பெண் இருந்தாள். அவள் வரைந்த ஒரு சித்திரம், பிரான்ஸ் ஹால்ஸ் என்ற பெரிய ஆண் சித்திரக்காரருடையது என்று நல்ல விலைக்கு விற்கப்பட்டிருந்தது. அதன் பேரில் விவகாரம் எழுந்து, 1893-ம் வருஷத்தில் அதிலுள்ள கையெழுத்துக் குறி லைஸ்டருடையது என்று ருஜுவாயிற்று. இதுவரை நல்ல சித்திரம் என்று புகழ்ந்தது ஒரு பெண்ணின் கைவேலையையே என்று சந்தோஷப்பட்டார்களா? இல்லை, விலையைக் குறைத்துக் கொண்டு சமாதானமானார்கள். சாயம் அதே சாயம், துணி அதே துணி; ஆண் என்றிருந்தது பெண் என்றானதும் விலை இறங்கிற்று. இதற்குப் பெயர் கலைஞானமாம்!

பெண்கள் எழுதிய படம் இப்படி விலை போவதும், எழுதாதிருந்ததும், எழுதியது மறைந்ததும் அவர்கள் மூளையின் குறையால் அல்ல, ஸ்தாபனங்களின் ஏற்பாட்டால்தான் என்று 1971-ல் லிண்டா நாக்லின் என்ற அமெரிக்க ஆசிரியை தக்க காரணங்களுடன் எழுதினார். பெண் ஏன் அடிமையானாள் என்று பெரியார் கேட்ட கேள்வியின் தங்கைதான் அந்தக் கேள்வி.

450 வருஷப் பிரார்த்தனை

இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரில் பிளௌட்டில்லா நெல்லி என்று ஒரு கன்னியாஸ்திரீ இருந்தாள். 1524-ல் பிறந்து 1588-ல் இறந்தவள். குருவில்லாமல், பழைய படங்களைப் பார்த்துத் தானே பழகினாள். ஏசுநாதரின் கடைசி விருந்தைச் சுமார் 7 மீட்டர் நீளத்தில் எழுதினாள். அதில் தன் பெயரைப் போட்டு, "இதை எழுதியவளுக்காகப் பிரார்த்தியுங்கள்" என்று லத்தீனில் எழுதி வைத்தாள். தோழர்களே! எத்தனை பாதிரிமார்கள் அதன் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டார்களோ, எத்தனை ஜபம் செய்தார்களோ, நமக்குத் தெரியாது. படம் அழுக்கேறிற்று, சாயம் உரிந்தது, பெயர் மறைந்தது. சுமார் 450 வருஷங்கள் பிரார்த்தனைக்கு அவகாசம் கொடுத்தாயிற்று.

பிறகு அப்படத்தைக் காப்பாற்றியது எது? சந்தா! ஜேன் பார்ச்சூன் என்ற அமெரிக்கப் பெண்மணி 2009-ல் ஒரு சங்கம் வைத்து, புளோரன்ஸ் நகரக் காட்சிச்சாலைகளின் இருட்டறைகளில் கிடந்த பெண்களின் சித்திரங்களைத் தேடி எடுத்துச் செப்பனிட ஏற்பாடு செய்தார். நெல்லியின் படத்திற்காக 2017-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டப்பட்டது. படத்திலுள்ள சீடர்களில் ஒவ்வொருவரைச் செப்பனிடும் செலவை ஒவ்வொருவர் ஏற்றுக் கொள்ளலாம் என்றும் ஏற்பாடாயிற்று. சுமார் நான்கு வருஷ வேலைக்குப் பின், 2019-ல் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 450 வருஷ ஜபத்தால் ஆகாத காரியம் நான்கு வருஷச் சந்தாவால் ஆயிற்று. அதை நேரில் காண ஜேன் பார்ச்சூன் உயிரோடில்லை. 2018-ல் இறந்து போனார். அவர் சங்கமும் 2021-ல் கலைந்தது. ஆனால் செப்பனிட்ட சித்திரங்கள் சுவரில் இருக்கின்றன.

அங்கத்தினர் சங்கம்

இந்த அம்மையாருக்குப் பின்பலமாக இருந்தது வாஷிங்டன் நகரிலுள்ள பெண் கலைஞர் தேசியக் காட்சிச்சாலை. அதன் புளோரன்ஸ் கிளையை ஏற்படுத்தியவரும் இவரே. அச்சாலையை உண்டாக்கியவர் வில்ஹெல்மினா ஹாலடே என்னும் பெண்மணி. அவரும் அவர் கணவரும் ஐரோப்பாவில் கிளாரா பீட்டர்ஸ் என்ற பெண் எழுதிய சித்திரங்களைக் கண்டு மகிழ்ந்து, ஊர் திரும்பி, கலாசாலைகளில் பாடமாக இருந்த ஜான்சன் என்பவரின் கலைச் சரித்திரத்தைப் புரட்டினார்கள். கிளாரா மட்டுமல்ல, ஒரு பெண் பெயர்கூட அதில் இல்லை! அழுது கொண்டிராமல் படங்களை வாங்கினார்கள். முதலில் தமது வீட்டிலேயே மாட்டி வந்தவர்களுக்குக் காட்டினார்கள். 1981-ல் ஸ்தாபனமாகப் பதிந்தார்கள். 1987-ல் சொந்தக் கட்டடத்தைத் திறந்தார்கள். அது எந்தக் கட்டடம்? ஆண்களே கூடும் மேசன் சங்கத்தார் 1908-ல் கட்டிய மாளிகை! ஹாலடே அம்மையார் 2021-ல் காலமானார். கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு 2023-ல் மறுபடி திறக்கப்பட்டது. இன்று அங்கு 5,000-க்கு மேற்பட்ட கலைப் பொருள்கள் இருக்கின்றன.

இது நடப்பது அங்கத்தினர் சந்தாவாலும் நன்கொடையாலும். அமெரிக்க மாகாணங்களிலும் பிற தேசங்களிலும் கிளைக் குழுக்கள் இருக்கின்றன. அந்தந்தக் குழு தன் ஊர்ப் பக்கத்துப் பெண் கலைஞர்களைத் தேடிப் பெயர் சொல்லுகின்றது. சில வருஷங்களுக்கொருமுறை அவர்களின் வேலை வாஷிங்டனில் காட்டப்படுகின்றது. தனியாக நின்றால் எவரும் கேட்காத பெண்ணுக்கு, பின்னால் ஒரு கூட்டம் நிற்கின்றது.

"பெண்களுக்கென்று தனிச் சாலை எதற்கு? கலையில் ஆணேது, பெண்ணேது? திறமை ஒன்றே போதாதா?" என்று அப்போதே ஆட்சேபித்தார்கள், பெண்ணுரிமை பேசியவர்களில் சிலரும் ஆட்சேபித்தார்கள். இந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல. 1921-ல் நீதிக்கட்சி அரசாங்கம் வகுப்புவாரி உத்தரவு போட்ட காலத்திலிருந்து, "திறமை போச்சு, தகுதி போச்சு" என்ற ஒப்பாரியைக் கேட்டே நமது காது மரத்துப் போயிற்று. 2019-ல் அமெரிக்காவின் 18 பெரிய காட்சிச்சாலைகளை ஆராய்ந்தபோது, அங்குள்ள கலைஞர்களில் நூற்றுக்கு 87 பேர் ஆண்கள் என்று கண்டார்கள். நூற்றுக்கு 87 எடுத்துக் கொண்டவன் அதைத் தனிச் சாலை என்று சொல்வதில்லை. பொதுச் சாலை என்கின்றான். மிச்சத்தை வைத்திருப்பவள் ஒரு அறை கேட்டால்தான் பிரிவினையாம்!

இதில் பணக்காரர்கள் பகட்டும் இருக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதிகச் சந்தா கொடுத்தவருக்கு அதிக மரியாதை என்பதும் அங்கு உண்டு. நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது அவர்களின் விருந்தையல்ல, ஏற்பாட்டை.

என்ன செய்ய வேண்டும்?

1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம பாகம் வேண்டுமென்று நமது இயக்கம் தீர்மானம் செய்தது. அதன் கருத்து இங்கும் பொருந்தும். போலோனாவில் லவீனியா பொந்தானா என்ற பெண் 11 பிள்ளைகளைப் பெற்றும் படம் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினாள். கணவன் அவளுக்கு ஒத்தாசையாக இருந்தான். அவன் மீசை அதனால் உதிர்ந்து விடவில்லை. அவள் படம் இன்று அந்த வாஷிங்டன் சாலையில் இருக்கின்றது. ஆகையால் பெண்ணுக்கு வேண்டியது வரமுமல்ல, வாழ்த்துமல்ல. ஓய்வு, கல்வி, கையில் காசு, வேலையை மாட்டி வைக்க ஒரு சுவர். இவற்றைத் தெய்வம் கொடுக்காது. நாம் கூடிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெண் சுவரில் கரியால் கிறுக்கினால், சுவர் கெட்டதென்று கையை ஒடிக்காதீர்கள். கோயில் உண்டியலில் போடும் காசைப் பெண்களின் கலைக்கும் கல்விக்கும் உழைக்கும் ஒரு சங்கத்திற்குச் சந்தாவாகக் கொடுங்கள். கொடுத்த பிறகு கணக்கும் கேளுங்கள். உண்டியலிடம் அதைக் கேட்க முடியாது, சங்கத்திடம் கேட்கலாம். இவ்வளவே நாம் சொல்ல வந்தது. இதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பாமல், உங்கள் சொந்த அறிவைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கூறி முடித்துக் கொள்கின்றோம்.