மீன் குட்டைக்கு ஒரு கல் அருவி
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பண்ணைக் குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவர்கள் சில நாள் விடியற்காலையில் கரைக்குப் போனதும் திடுக்கிட்டு நிற்பதுண்டு. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூச்சுத் திணறல்தான் இது. பகலில் பாசி வெளியிட்ட பிராணவாயுவை இரவில் மீனும், அதே பாசியும், அடிச்சேறும் சேர்ந்து செலவழித்துவிடுகின்றன. லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டிய பிராணவாயு, சூரியன் உதிக்குமுன்தான் மிகக் குறைவாக இருக்கும்.

உடனே பம்பைப் போட்டால் போதுமே என்பீர்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் பெரும்பாலும் பிராணவாயு குறைவு. கரியமில வாயு அதிகம். குழாயின் வாய் குட்டை நீருக்குள் அமிழ்ந்து கிடந்தால் பயன் சொற்பம். அதே நீர் கற்படிகளில் சிதறி விழுந்தால், ஒவ்வொரு படியிலும் காற்றைக் கலந்துகொண்டு இறங்கும். நகரத்துத் தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் அருவிதானே என்று கேட்கலாம். ஆம், அதுவேதான். அழகும் இருந்துவிட்டுப் போகட்டும்!

முதலில் நீரை அளந்துகொள்ளுங்கள். 15 லிட்டர் குடம் 10 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 90 லிட்டர். அதற்கு 1 அடி அகல அருவி போதும். அகலத்தைக் கூட்டினால் கல் நனையுமே தவிர நீர் விழாது.

குட்டை வெட்டிய மண்ணைக் கரையோரம் 3 அடி உயரத்துக்கு மேடாக்குங்கள். அரையடிக்கு ஒருமுறை நீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். இதில் அவசரப்பட்டால் முதல் மழையிலேயே மண் இறங்கிக் கற்கள் சாய்ந்துவிடும். மேட்டின்மேல் கனமான பாலிதீன் விரிப்பைப் போட்டு, அதன் கீழ்நுனி குட்டைக்குள் இறங்கும்படி விடுங்கள். இல்லாவிட்டால் கசியும் நீர் கரையை அரிக்கும்.

வரப்போரம் குவித்து வைத்திருக்கும் கருங்கற்களே போதும். பெரிய கல் அடியில், மேட்டுப் பக்கம் சற்றுச் சாய்ந்தபடி அமரட்டும். முக்கால் அடிக்கு ஒரு படியாக நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் தட்டையான கல்லைக் கீழ்க்கல்லைவிட 2 அங்குலம் முன்னே நீட்டி வையுங்கள். நீட்டாவிட்டால் நீர் கல்லை ஒட்டியே வழியும், காற்றுக் கலக்காது. சந்துகளில் சில்லுக்கல் செருகி, பின்புறம் 1:4 சிமெண்டுச் சாந்து பூசுங்கள். நீர் விழும் இடத்தில் ஒரு பலகைக் கல் கிடந்தால் சேறு கிளம்பாது.

புதுச் சிமெண்டின் காரம் மீனுக்கு ஆகாது. ஒரு வாரம் நனைத்து, கழுவிய நீரை வெளியே வடித்துவிட்ட பிறகே குட்டைக்குள் நீர் விடுங்கள். இரும்புச் சத்துள்ள கிணறானால் கல்லில் செந்துரு படியும். அதையும் தேய்த்து வெளியே தள்ள வேண்டும். குட்டைக்குள் போனால் மீனின் செவுளில் ஒட்டும்.

அளவுக்கு மீறி மீன் விட்ட குட்டையை இந்த அருவி காப்பாற்றாது. மீன் திணறும் நாளில் தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்திவிடுங்கள். மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரத்தைப் பார்த்து, முடிந்தவரை பின்னிரவிலிருந்து விடியும் வரை அருவியை ஓட விடுங்கள். மீன் கழிவின் சத்தோடு நிரம்பி வழியும் நீர் தென்னைக்கும் வாழைக்கும் போகட்டும்.